நான் சுரண்டிய கடல்

மகனுக்கு,

நலம் விசாரித்துத் தொடங்கும் மனநிலையில் நான் இல்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய் என்பது போன ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையைப் பார்த்தாலே தெரிகிறது. அரைப்பக்கம் போட்டிருக்கிறார்கள். பிரிக்பீல்ட்ஸில் உன் மாடி அறையில் கையைக் கட்டிக்கொண்டு, முதுகுக்குப் பின்னால் ஆளுயர நீலப் படம் ஒன்றை வைத்துக்கொண்டு நிற்கிறாய். கடலைத் தொட்டுப் பார்க்க வைக்கும் கலைஞராம். கீழே பெட்டி கட்டி ஒரு கதை போட்டிருக்கிறார்கள், அதில் நான் வருகிறேன். கிள்ளானில் நம் தாமான் குடியிருப்பு முழுக்க அதைப் படித்தாகிவிட்டது. முனையில் ரொட்டி போடுகிறவன்கூட, "அங்கிள், உங்க மகன் உங்களைப் பேப்பர்ல போட்டுட்டாருலா" என்று என்னைப் பார்த்துப் பல்லை இளிக்கிறான். நீ என்னைப் பற்றி ஊருக்குச் சொன்னாய். அதனால் நானும் ஊர் பார்க்கத்தான் உனக்கு எழுதுகிறேன். இதை அந்தப் பத்திரிகைக்கே அனுப்பப்போகிறேன். வாசகர் கடிதம் எழுதி எழுதிக் கை தேர்ந்தவன் நான். ஆறாம் வகுப்போடு நின்றவனுக்கு என்ன எழுத வரும் என்று நீ நினைத்திருந்தால் முதலில் அதை மாற்றிக்கொள்.

நீ சொன்ன கதையை நான் ஒருமுறை திருப்பிச் சொல்கிறேன், தப்பிருந்தால் சொல். உன் அப்பா துறைமுகத்தில் கப்பலுக்குப் பெயின்ட் அடிப்பவர். பாவம், அவருக்கு ஓவியம் தெரியாது. இருபது வயதில் நீ முதன்முதலாகச் செய்த கடல் படம் மேடும் பள்ளமுமாக இருந்ததைப் பார்த்து, பெயின்ட் உப்பிக்கொண்டுவிட்டது என்று நினைத்து, கப்பலைச் சுரண்டுவதுபோல் சுரண்டி, தேய்த்து வழவழப்பாக்கி, மேலே நீல இனாமல் ஒரு பூச்சும் கொடுத்துவிட்டார். எல்லாம் உனக்கு உதவி என்று நினைத்து அன்போடு செய்தார். இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. என்றைக்கோ மன்னித்துவிட்டேன் என்கிறாய். இவ்வளவுதானே? பாவம் என்ற சொல்லையும் மன்னித்துவிட்டேன் என்ற சொல்லையும் படித்தபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. யாரைக் கேட்டு மன்னித்தாய்? நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டேனா?

அந்தப் பத்திரிகை வந்த மறுநாளே லோரியில் ஒரு அட்டைப்பொதி வந்து இறங்கியது. எனக்குப் பரிசாம், உன் புதுப்படம். கூடவே ஒரு தாள், எப்படி மாட்ட வேண்டும், எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று டைப் அடித்து. ஆங்கிலத்தில் இருக்கிறது, மலாயில் இருக்கிறது, தமிழில் இல்லை. உன் அம்மா அதை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டு டீச்சரிடம் போய்ப் படிக்கச் சொல்லிக் கேட்டு வந்தாள். ஈரத்துணியால் துடைக்கக் கூடாதாம். நேர் வெயில் படக் கூடாதாம். மேலே இருந்து ஒரு தனி விளக்குப் போட வேண்டுமாம். சோபாவின் நிறத்துக்குப் பொருந்தும்படி மாட்டினால் எடுப்பாக இருக்குமாம். மகனே, யார் வீட்டுச் சோபாவுக்குப் பொருத்தமாக நீ கடல் செய்துகொண்டிருக்கிறாய்? உன் படங்களை வாங்குகிறவர்கள் கொண்டோவில் இருபதாவது மாடியில் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஈரமில்லாத கடல் வேண்டும், அதில் எனக்குப் புகார் இல்லை. ஆனால் மேடும் பள்ளமுமான ஒன்றுக்கு மேலிருந்து விளக்கடிக்கச் சொல்கிறாயே, உனக்கே கூசவில்லையா? அதற்கு வெளிச்சம் பக்கவாட்டில் இருந்து சாய்ந்து வர வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு நிழல் விழும், நிழல் நகர நகரப் படம் நகரும். உட்கார்ந்திருப்பவன் கண்ணுக்கு நேராக மாட்ட வேண்டும். உயரத்தில் மாட்டினால் நின்றுகொண்டு அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அடுப்பங்கரைப் புகையும் சாம்பிராணிப் புகையும் படாத சுவராக இருக்க வேண்டும், ஏனென்றால் பள்ளங்களில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறினால் எந்தத் துணியாலும் எடுக்க முடியாது. வருகிறவன் தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டால் தொடட்டும், கையைக் கழுவிவிட்டு வரச் சொல். இதையெல்லாம் எனக்கு எந்தத் தாளும் சொல்லித் தரவில்லை.

எப்படித் தெரியும் என்று யோசிக்கிறாய் அல்லவா? இருபத்தாறு வருஷம் நான் கப்பலின் பக்கவாட்டில் கயிற்றில் தொங்கும் பலகையில் உட்கார்ந்து துரு தட்டினேன். உன் அம்மாவின் முகத்தைப் பார்த்ததைவிட இரும்பின் முகத்தைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். பெயின்ட் உப்பினால் அடியில் துரு இருக்கிறது என்று அர்த்தம். விரலால் அழுத்தினால் மெத்தென்று உள்ளே போகும், சுத்தியலால் தட்டினால் காலி டின்னைத் தட்டியதுபோல் சத்தம் வரும், நுனியில் கத்தியைக் கொடுத்தால் அப்பளம்போல் உரிந்து வந்துவிடும். ஒரு மனிதன் கையால் வைத்த பூச்சு அப்படி இருக்காது. அழுத்தினால் திருப்பி அழுத்தும். இந்த வித்தியாசம் தெரியாதவனைப் பட்டறையில் ஒரு நாளுக்குமேல் வைத்துக்கொள்ள மாட்டார்கள். நான் மூத்த ஆளாக இருந்தவன், புதிதாக வருகிறவர்களின் வேலையைச் சரிபார்த்தவன். எனக்கு உப்பியதற்கும் பூசியதற்கும் வித்தியாசம் தெரியாது என்று பத்திரிகையில் சொல்கிறாய், நாலு பேர் சிரிக்கிறார்கள். உனக்கு அது ஒரு நல்ல கதை.

நன்றாகக் கேட்டுக்கொள். நான் தெரிந்தேதான் சுரண்டினேன்.

நீ அந்தப் படத்தைச் செய்தது வீட்டின் பின்புறத்தில், துணி துவைக்கிற இடத்தில். நாலடிக்கு மூன்றடி பிளைவுட் பலகை, சுவருக்குப் பூசும் பட்டி, மோரிப் கடற்கரையிலிருந்து அள்ளி வந்த மணல், மரவேலைக்காரர்களின் பசை. பதினைந்து நாள் குழைத்தாய், அப்பினாய், இழுத்தாய். உன் அம்மா துணி காயப்போட இடமில்லை என்று கத்திக்கொண்டே இருந்தாள். அந்தச் சமயத்தில் என் பையிலிருந்த இரண்டு அங்குலச் சுரண்டி காணாமல் போயிருந்தது. நான் பட்டறையில் எல்லோரையும் சந்தேகப்பட்டேன். நீ படத்தைக் கொண்டுவந்து ஹாலில், காலண்டருக்கும் எங்கள் கல்யாணப் போட்டோவுக்கும் நடுவில் மாட்டியபோது, பத்தடி தள்ளி நின்றே கண்டுபிடித்துவிட்டேன். என் சுரண்டியின் ஒரு மூலையில் சின்ன உடைசல் உண்டு. இழுத்தால் ஓரத்தில் ஒரு மெல்லிய கோடு விழும். உன் படத்தில் ஒவ்வொரு இழுப்பின் ஓரத்திலும் அந்தக் கோடு இருந்தது. அங்கே எது தானாக வந்தது, எதை நீ வைத்தாய் என்று என்னால் விரல் வைத்துக் காட்டியிருக்க முடியும். இப்போது சொல், நான் எதை உப்பியதென்று நினைத்திருப்பேன்?

உன் அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "சேத்தை அள்ளிச் சுவர்ல அப்புன மாதிரி இருக்கு. நாலு பேரு வந்து போற வீடு, என்னா நினைப்பாங்க?" என்றாள். நிறமும் அப்படித்தான் இருந்தது. பால் கலந்த தேத்தண்ணி நிறம், அதற்குள் பச்சை, சில இடங்களில் எண்ணெய் மிதப்பதுபோல் ஒரு மினுக்கம். நீ சின்னவனாக இருந்தபோது பள்ளிக்கு ஒரு கடல் வரைய வேண்டும், என்ன நிறம் அடிப்பது என்று கேட்டாய். நீலம் அடி, டீச்சர் திட்டாமல் இருப்பார் என்று சொன்னேன். தினமும் காலிலிருந்து மூன்றடி கீழே கடலைப் பார்க்கிறவன், வாய் கூசாமல் உனக்கு நீலம் என்று சொன்னேன். அது என் தப்பு. இருபது வயதில் நீ அதை நம்பாமல் உன் கண்ணை நம்பியிருந்தாய். இப்போது மறுபடியும் நீலத்துக்குப் போய்விட்டாய். போர்ட் கிள்ளானில் எங்கேயடா நீலத்தைப் பார்த்தாய்? அந்தப் புத்தியைக் கொடுத்தவன் நான்தான், இந்தக் கடிதத்தோடு அதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.

ஆறு நாள் அந்தப் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். காலை ஷிப்ட் முடிந்து வந்து குளித்துவிட்டு உட்கார்ந்தால், சாயங்காலம் ஐந்து மணிக்கு ஜன்னல் கண்ணாடிப் பட்டைகள் வழியாக வெயில் சாய்ந்து உள்ளே வரும். உன் அம்மா மேரு பேக்டரியிலிருந்து வருவதற்கு முன்னால் அரைமணி நேரம் எனக்கு மட்டும் கிடைக்கும். கப்பலுக்கும் துறைமுக மேடைக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கும். அங்கே இருக்கும் தண்ணீரில் அலை கிடையாது. அது மூச்சு விடுவதுபோல் தூக்கும், இறக்கும். அவ்வளவுதான். அதில் கயிற்றுத் துண்டும் மரத்தூளும் எண்ணெயும் மிதக்கும். அந்தத் தண்ணீருக்கு மேலே என் வாலிபம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். அதைப் பற்றி உன் அம்மாவிடமோ உன்னிடமோ ஒரு வார்த்தை சொன்னதில்லை, எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நீ அதைப் பார்த்தது ஒரே ஒரு தடவை. கேத்தாம் தீவுக்குப் படகில் போகும்போது கம்பிக்கு மேல் சாய்ந்து எட்டிப் பார்த்தாய். விழுந்து தொலையப் போகிறாய் என்று முதுகில் ஒரு அடி வைத்தேன். அந்தக் கொஞ்ச நேரத்தில் நீ பார்த்ததை என் ஹாலில் கொண்டுவந்து மாட்டியிருந்தாய். எனக்கு அது சந்தோஷமாக இருந்தது என்று எழுதினால் பொய். என் தண்ணீரை என் சுரண்டியாலேயே ஒருவன் எடுத்துப் போய்விட்டதுபோல் இருந்தது. நீ என் பிள்ளை என்பது அந்த நேரத்தில் நினைவில் நிற்கவில்லை.

ஏழாவது நாள் கோலாலம்பூரில் உனக்குப் படம் சொல்லிக்கொடுத்த அந்தச் சீன லெக்சரர் வீட்டுக்கு வந்தார். கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே படத்தின் முன்னால் நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி மலாயில் சொன்னார், உன் மகன் இங்கே இருக்க வேண்டிய ஆள் இல்லை என்று. வெளிநாட்டுக் கல்லூரி ஒன்றிலிருந்து ஆள் தேர்ந்தெடுக்க வருகிறார்கள், படிப்புச் செலவு முழுக்க அவர்களுடையது, சனிக்கிழமை வேனோடு வந்து இந்தப் படத்தை எடுத்துப்போகிறேன், திங்கட்கிழமை காட்ட வேண்டும், இது ஒன்று போதும் என்றார். நீ சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாய். உன் முகத்தை நான் பார்த்தேன். நீ அப்போதே கிளம்பிப் போயிருந்தாய். துறைமுக ஸ்டோரில் உனக்குக் கணக்கெழுதும் கிராணி வேலைக்கு நான் சொல்லி வைத்திருந்தேன், அடுத்த மாதம் சேர வேண்டியது. அதைப் பற்றி நீ ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு இருந்தது ஒரு பிள்ளை. கப்பலில் ஏறிப் போனவர்கள் எத்தனை பேரை அந்தப் பலகையில் உட்கார்ந்தபடி பார்த்திருக்கிறேன், திரும்பி வந்தவர்களை அதிகம் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை மத்தியானம். உன் அம்மா பேக்டரியில், நீ கோலாலம்பூரில். படத்தை இறக்கிக் கார் நிறுத்தும் இடத்தில் பழைய பேப்பரை விரித்துப் படுக்கவைத்தேன். உப்பிய பெயின்டாக இருந்தால் பத்து நிமிஷத்து வேலை. எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது. நீ அவ்வளவு பலமாகச் செய்திருந்தாய். ஒவ்வொரு மேடும் கையை எதிர்த்தது, பாதியில் சுரண்டி போதாமல் உளி எடுத்துவந்தேன். நடுவில் ஒரு தடவை நிறுத்தினேன். கால்வாசிதான் போயிருந்தது, அப்படியே விட்டிருந்தால்கூட நீ சரிசெய்திருப்பாய். நிறுத்திவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் உட்கார்ந்தேன். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. முதலில் செய்ததைக் கோபம் என்று சொல்லிக்கொள்ளலாம், தண்ணீர் குடித்துவிட்டு வந்து செய்ததற்கு என்ன பெயர் வைப்பது? பிறகு தேய்த்துச் சமப்படுத்தினேன். வாசல் கேட்டுக்கு அடித்து மிச்சமிருந்த நீல இனாமலைப் பூசினேன். ஒரு சொட்டு வழியவில்லை, நல்ல வேலை. படம் மோசமாக இருந்திருந்தால் அது இன்றைக்கும் அந்தச் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும். அது நன்றாக இருந்ததால்தான் நான் அதை விடவில்லை. பொறாமையா, நீ போய்விடுவாய் என்ற பயமா, எது முதலில் வந்தது என்று பதினாலு வருஷமாகப் பிரித்துப் பார்க்கிறேன், பிரிக்க முடியவில்லை.

சாயங்காலம் நீ வந்தாய். நான் தயாராக வைத்திருந்த பொய்யைச் சொன்னேன். "பெயின்ட் எல்லாம் உப்பிப் போச்சுடா. சனிக்கிழமை அவங்க வரப்போறாங்கன்னு நான் சரிபண்ணி வெச்சிட்டேன்." நீ பலகையைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். கத்துவாய் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், கத்துகிற வேகத்தில் உண்மை வெளியே வந்து விழுந்திருக்கும். நீ சிரித்தாய். முதலில் லேசாக, அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருமளவுக்கு. "ஐயோ அப்பா" என்று சொல்லி என் தோளில் கை போட்டாய். உன் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது, எனக்குத் தெரிந்தது. பட்டி காய ஒரு வாரம் ஆகும், வேறொன்று செய்ய நேரமில்லை என்பதும் எனக்குத் தெரிந்தது. சனிக்கிழமை லெக்சரர் வேனோடு வந்து நீலப் பலகையைப் பார்த்து, "சாயாங் லா, அங்கிள்" என்று மட்டும் சொன்னார். இப்படி வீணாகிவிட்டதே என்று என் கையைப் பிடித்து எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார் அந்த மனிதர்.

அப்புறம் நடந்தது உனக்கே தெரியும். கிராணி வேலைக்கு நீ போகவில்லை. ஆறே மாதத்தில் பையைத் தூக்கிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸுக்குப் போய், கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதும் ஒருவரிடம் சேர்ந்தாய். பத்து வருஷம் அடுத்தவன் கடைப் பெயரை எழுதினாய். நீ போகக் கூடாது என்று நான் செய்த வேலைக்குப் பலன், நீ கொஞ்ச தூரம் தள்ளி, கையில் ஒன்றும் இல்லாமல் போனாய். ஒவ்வொரு தீபாவளிக்கும் வந்தாய், ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் யாராவது கேட்டால் அந்தக் கதையைச் சொன்னாய், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். எனக்கு ஒன்றும் தெரியாது என்று ஊர் நினைப்பது வசதியாக இருந்தது. தெரியாதவனாக இருப்பதற்கு நான் கொடுத்த விலை அந்தச் சிரிப்புதான், அதை வருஷத்துக்கு ஒருமுறை கொடுத்துக்கொண்டிருந்தேன். பத்திரிகையில் பார்த்தபோதுதான் இனி முடியாது என்று தோன்றியது.

பத்திரிகையைப் படித்து முடித்ததும் உன் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தாள். "இருபத்தாறு வருஷம் துரு தட்டுன மனுஷனுக்கு உப்புனது எது, பூசுனது எதுன்னு தெரியாதா? நான் அன்னிக்கே கேட்டிருக்கணுங்க" என்றாள். அன்றிலிருந்து வீட்டில் சாப்பாடு மேசைக்கு வருகிறது, பேச்சு வருவதில்லை.

உன்மேல் எனக்குக் கோபம்தான், அது இந்தக் கடிதத்தை எழுதியதால் குறையவில்லை. பத்து வருஷம் நீ பெயர்ப்பலகை எழுதினாயே, அதில் ஒரு நாளாவது உனக்குச் சந்தேகம் வரவில்லையா? வந்திருக்கும். நீ முட்டாள் இல்லை. சந்தேகப்பட்டால் என்னை வெறுக்க வேண்டியிருக்கும் என்று பயந்து, என்னை விவரம் இல்லாதவனாக்கி வைத்துக்கொண்டாய். அதுதான் உனக்குச் சுலபம். ஒருவனுக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவு கட்டிவிட்டால் அவனோடு சண்டை போட வேண்டியதில்லை. உன் வெறுப்பைத் தாங்குகிற தெம்பு எனக்கு உண்டு. உன் இரக்கத்தைத் தாங்க முடியவில்லை.

நீ அனுப்பிய படம் பிரிக்காத அட்டையோடு சுவரில் சாய்ந்து நிற்கிறது. ஓரத்தைக் கிழித்து ஒரு சாண் மட்டும் பார்த்தேன், நீலம், அதனால் மூடிவிட்டேன். அதை நான் மாட்டப்போவதில்லை. நடந்தது தெரியாத ஒருவன் கொடுத்த பரிசு அது. இப்போது உனக்குத் தெரியும். எடுத்துப்போவது என்றால் எடுத்துப்போ, வண்டியில் ஏற்ற ஒரு பக்கம் நான் பிடிக்கிறேன், முழங்கால் வலித்தாலும் அவ்வளவு முடியும். மாட்டுவது என்றால் நீயே வந்து மாட்டு. ஆனால் போனில் கூப்பிட்டு, பரவாயில்லை அப்பா என்று சொல்லிவிடாதே. நேரில் வா. வாசலில் நின்றே கேள், அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படி சத்தமாகவே கேள், ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று. பதினாலு வருஷத்தில் நீ என்னை அதை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

உன் அப்பா
கிள்ளான்